மச்சானும் ஒரு வினைச்சொல்லும்

மச்சானை இன்றைக்கு வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே அகராதிக்காரர் முடிவுகட்டிவிட்டார்.

அகராதி அலுவலகத்தில் சொற்களுக்குப் பொருள் எழுதுவது அவர் வேலை. 'அகராதி பிடித்த மனுஷன்' என்று தெருவில் யாராவது சொன்னால் அது உத்தியோகத்தையும் குறிக்கும், குணத்தையும் குறிக்கும். மச்சான், மனைவியின் தம்பி. இரண்டு நாள் தங்கிப் போக வந்தவன். மூன்று மாதத்தில் கூடத்து சோபாவில் அவன் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

நேராகப் "போ" என்று சொல்ல மனைவியிடம் பயம். ஜாடையாகச் சொல்லத் தோதாக, அந்த வாரம் அவர் மேஜைக்கு வந்த சொல் 'ஒட்டு'.

"மாப்ளே, ஒட்டுன்னா என்ன தெரியுமா?"

"கோந்து தடவறது, அத்தான்."

"அது மட்டுமா? ஒட்டடையும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. துடைப்பத்தைக் காட்டினா போயிடும். ஒட்டுண்ணின்னு ஒண்ணு. அடுத்த உடம்புல உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். தானா விழாது. கிள்ளித்தான் எடுக்கணும்!"

உறைத்துவிட்டது. மச்சான் முகம் சுண்டிப்போய் எழுந்தான். பையில் சட்டைகளைத் திணித்தான். அகராதிக்காரருக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள். பையைப் பார்த்தாள். கோபமே படவில்லை.

"ஏங்க, இந்த 'ஒட்டு' எங்கேருந்து வந்துச்சு?"

சொல்லின் வேரைக் கேட்டால் அவருக்கு ஊர் உலகம் மறந்துவிடும்.

"நல்லாக் கேட்டே! ஒன்று, ஒப்பு, ஒட்டு, எல்லாம் ஒரே வேர்னு என் கட்சி. ஒண்ணா இருக்கறதுதான் மூலம்."

"அப்ப ஒட்டாம விலகிப் போறவங்களை?"

"ஒட்டார்! பழைய தமிழ்ல பகைவர்னு அர்த்தம்!"

"கேட்டியாடா? ஒண்ணா இருந்தா உறவு, விலகிப் போனா பகையாளின்னு அத்தானே வாய்விட்டுச் சொல்றார். நீ என்னடான்னா மூட்டை கட்டறே!"

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பா நினைச்சிட்டேன் அத்தான்!"

"இல்ல, நான் சொல்ல வந்தது..."

"தெரியுங்க. கூடத்துல கிடந்தா எப்படி ஒட்டுதல் வரும்? கட்டின பையை அவிழ்க்காதேடா. அத்தான் எழுதற அறையில கொண்டுபோய் வை. இனிமே உனக்கு அதுதான்."

மச்சான் பையோடு அந்த அறைக்குக் குடிபோனான். தம் காகிதக் கட்டுகளையாவது மீட்டுக்கொள்ளலாம் என்று அகராதிக்காரர் அறைக்குள் நுழைந்தார்.

"அத்தான்," என்றான் மச்சான், கட்டிலில் சாய்ந்தபடி, பாசம் பொங்க, "அடுத்த தடவை கதவைத் தட்டிட்டு வாங்க."