அப்பாவின் பாட்டும் கருவாட்டுக் காகங்களும்

எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஆகவே, எங்கள் வீட்டில் வேறு எவராலும் செய்ய முடியாத மடத்தனத்தைச் செய்யும் தகுதியும் எனக்கே முதலில் கிடைத்தது.

ஒரு விடுமுறைக்கு எங்கள் ஊரான பேசாலைக்கு வந்தபோது, அலுமாரியில் கிடந்த சீடிகளைக் கண்டு முகம் சுளித்தேன். அவற்றில் ஒன்றில், தவக்கால நாடகத்தில் பேதுருவாக நடித்த அப்பா அழுது பாடிய பாட்டு இருந்தது. வேறு பிரதி இல்லை. இரவல் வாங்கிய மடிக்கணினியில் அதை இணையத்தில் ஏற்றிவிட்டு அப்பாவிடம் சொன்னேன்:

"இந்தக் காலத்தில ஆர் இதுகளை வச்சிருக்கினம்? உங்கட பாட்டை இணையத்தில ஏத்திப்போட்டன். எங்க இருந்தும் கேக்கலாம்."

"அழியாதோடா?"

"அழியாதப்பா." (நான் சொன்ன தோரணையில், இணையத்தைக் கட்டியதே நான்தான் என்று நினைத்திருப்பார்.)

படித்த பிள்ளை சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சில்லை. சீடிகளைத் தங்கூசி நூலில் கோத்து, கடற்கரையில் கருவாடு காயும் பரணுக்கு மேலே, காகம் கலைக்கத் தன் கையாலேயே தொங்கவிட்டார்.

அடுத்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீடு நிறையச் சனம். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, அப்பான்ர பாட்டைப் போடு."

பெரிய ஒலிபெருக்கியில் கைபேசியைப் பொருத்தி, எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னேன். முதலில் விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பிஸ்கட் விற்றாள். (பெரியம்மா பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.) பிறகு சத்தமே இல்லை. அப்படி ஒரு பதிவு இல்லை என்றது திரை.

"சிக்னல் இல்லையோ?" என்றார் சித்தப்பா.

"ஓம் சித்தப்பா, சிக்னல்தான்."

பொய். கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி கடற்கரைவரை நடந்தேன். திருவிழாவில் சொரூபத்தின் பின்னால் வருவதுபோலச் சனமும் வந்தது. அங்கே மின்னஞ்சலைத் திறந்தேன். இலவசமாக ஏற்றிய பதிவுகளை அழிக்கப்போகிறோம், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தடவை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாசிக்கவில்லை.

பரணுக்கு ஓடினேன். ஆறு சீடிகள். வெயிலும் உப்பும் வெள்ளிப் பூச்சை அங்கங்கே தின்று, ஊடாகக் கடல் தெரிந்தது. அப்பா பேனையால் எழுதியிருந்த பெயர்களும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் போட்டேன். கரகரப்பு மட்டும்தான். ஆறாவதும் முடிந்தபோது அம்மா சொன்னார்:

"திரும்ப முதலாவதைப் போடு."

சீடிகள் மறுபடி பரணுக்கே போயின. இப்போதும் அங்கே காகங்கள் கத்திக்கொண்டு கிளம்பினால், தங்கச்சி என்னைப் பார்த்துச் சொல்வாள்: "அண்ணா, அப்பா பாடத் தொடங்கிட்டார்."

எல்லோரும் சிரிப்போம். அம்மாவும்தான். பிறகு, "கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கோ" என்பார்.