கண் விழித்த ஹெட்போன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹைதராபாத் ஐ.டி. ஆட்கள் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறார்கள் என்றால் ஒன்று ஆபீஸ் சர்வர் படுத்திருக்க வேண்டும், அல்லது நாதானந்தர் தரிசனம் கொடுக்க வேண்டும். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு டிபன் சென்டருக்கு மேலே, இரண்டாவது மாடியில் அவருடைய நாத பீடம். வரிசை மாடிப்படியில் தொடங்கி, இட்லித் தட்டோடு நிற்பவர்களை இடித்துக்கொண்டு தெருமுனை வரை போகும். அப்படி என்ன கொடுக்கிறார்? ஹெட்போன்.

சும்மா ஹெட்போன் இல்லை. உயிர் வந்த ஹெட்போன்! தொழிற்சாலையிலிருந்து வரும் ஹெட்போன் வெறும் ஜடமாம். அதைச் செப்புப் பிரமிடுக்குள் வைத்து, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விடாமல் தம்புரா ஒலி கொடுத்து, சிவப்பு நூல் கட்டினால் அது கண் விழிக்குமாம். காதில் மாட்டுகிற சாமானுக்குக் கண் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஹெட்போன் கண் விழித்ததும் ஏழாயிரத்து ஐந்நூறு. பொறுமை இல்லாதவர்களுக்குத் தத்கால் விழிப்பும் உண்டு. நாற்பத்தெட்டு நாள் நாற்பத்தெட்டு மணி நேரமாகச் சுருங்கும். ரூபாய் மட்டும் நீளும்.

நாதானந்தரின் வீட்டுப் பெயர் அனந்தராமன். மூன்று வருஷத்துக்கு முன்பு உப்பல் பஸ் ஸ்டாப்பில் மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கவர்கள் எதுவும் கண் விழித்ததாகத் தகவல் இல்லை.

நானும் ஒன்று வாங்கினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் பெயர் பிரசன்னா, சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். திங்கள் முதல் வெள்ளி வரை கடவுளே வந்து புரோகிராம் எழுதினாலும் நம்பமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூளைக்கு வார விடுமுறை.

பீடத்தில் நடக்கும் சடங்கு இதுதான். ஒருவரை நாற்காலியில் உட்காரவைப்பார்கள். முதலில் ஜட ஹெட்போனை மாட்டி ஒரு வீணை இசை. பிறகு நாதானந்தர் "திற!" என்று உறுமுவார். அவருடைய மைத்துனர் கிட்டு, பட்டுத்துணி போர்த்தி மல்லிகைப்பூ சுற்றிய ஆம்ப்ளிஃபயர் முன்னால் குனிந்து கும்பிடுவார். உடனே விழித்த ஹெட்போன், அதே வீணை. உட்கார்ந்தவர் "ஆஹா!" என்பார். சுற்றி நிற்கும் நாங்களும் "ஆஹா!" என்போம். எங்கள் காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் சபீனா. ஆம்பூர்ப் பெண். இங்கே ஹாஸ்டலில் தங்கி ஒலிப்பதிவு டிப்ளமோ படிக்கிறாள். அதிலிருந்து ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்கு வேலைத் தேர்வு. காதுக்குத்தான் தேர்வு, சொந்த ஹெட்போன் கொண்டு போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அதற்காகவே ஆறாயிரம் சேர்த்து வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கிறது குழந்தாய்?" என்றார் நாதானந்தர்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ரெண்டாவது கொஞ்சம் சத்தமா இருக்கு. அவ்ளோதான்."

நாதானந்தர் கண்ணை மூடினார், திறந்தார், பெருமூச்சு விட்டார்.

"கர்ண தோஷம். காதிலே குறை."

கூட்டம் உச்சுக்கொட்டியது. நானும் கொட்டினேன். "பாவம், சவுண்டு படிக்கிறேன்னு வேற சொல்லுது" என்றார் எங்கள் டீம் லீடர் முரளி.

விழித்த அதே ஹெட்போனை நாற்பத்தெட்டு நாள் காதில் மாட்டினால் தோஷம் விலகுமாம். மாணவி என்பதால் சலுகை விலையாக அவளிடமிருந்த அதே ஆறாயிரம். காதில் விடும் தோஷ எண்ணெய் இலவசம். அந்தப் பெண் ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காதே சரியில்லாதவளுக்குக் காது வேலை எதற்கு, தேர்வுக்குப் போகவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். நினைத்தால் இப்போதும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அந்த உச்சுக்கொட்டலில் என் பங்கும் இருக்கிறதே!

அவளுடைய அறைத்தோழி ஸ்டெல்லா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு காது டாக்டரிடம் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லிச் செவித்திறனை அளப்பவள். புதன்கிழமை சபீனாவையும் அழைத்துப் போய் அளந்தாள். காது பழுதில்லை என்று மெஷின் சொன்னது. நாதானந்தரைப் போல மெஷினுக்குத் தாடி இல்லையே, சபீனா நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறாயிரத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் பீடத்துக்குக் கிளம்பினாள். ஸ்டெல்லாவும் கூடவே வந்தாள்.

"சாமி, இவ பைசா கொண்டுவந்திருக்கா. அதுக்கு முன்னால ஒரு சின்ன ஆசை" என்றாள் ஸ்டெல்லா. "எங்க காதெல்லாம் தோஷக் காது. உங்க காது சுத்தமான காது. கண்ணைக் கட்டிக்கிட்டு, எது விழிச்சது எது ஜடம்னு நீங்க சொல்லணும். பத்து தடவை. நாங்க பாத்துக் கத்துக்குறோம்."

"இது விளையாட்டு இல்லை அம்மா."

"கைக்கு சாமி, எதுக்கு யோசிக்கிறீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

டெஸ்ட் என்ற சொல்லைக் கேட்காமலே எங்கள் ஆட்களுக்கு ரத்தம் சூடேறிவிட்டது. "பண்ணுங்க சாமி! பிரூவ் பண்ணிடுங்க!" என்று முரளி கைதட்டினார். சாய்கிருஷ்ணா என்ற தெலுங்கு பக்தர் "செப்பண்டி சுவாமி!" என்று கும்பிட்டே விட்டார். இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? நாதானந்தர் புன்னகைத்தார். ஸ்டெல்லா தன் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டினாள்.

"கிட்டு அண்ணே, நீங்க நக்கோ, வேணாம். இப்படி ஜன்னல் பக்கம் வந்து உக்காருங்க. சத்தம் அப்படியே இருக்கட்டும்."

கிட்டு ஆம்ப்ளிஃபயரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். போய் உட்கார்ந்தார்.

ஸ்டெல்லா சிவப்பு நூல் கட்டிய ஹெட்போனை எடுத்தாள். எங்கள் எல்லோருக்கும் காட்டினாள். அதைச் சபீனாவின் மடியில் வைத்தாள். உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கினாள். பிறகு ஜட ஹெட்போனை நாதானந்தருக்கு மாட்டினாள்.

"ஜடம்" என்றார் அவர். "சவம் போலக் கிடக்கிறது."

கழற்றினாள். அதையே திரும்ப மாட்டினாள்.

"ஆஹா! விழித்துவிட்டது! மீட்டுகிறவரின் மூச்சு கேட்கிறதே!"

கழற்றினாள். அதையே மாட்டினாள்.

"சீ, தகர டப்பா."

மறுபடியும் அதே.

"இதோ, இதோ! நாதம் முதுகுத்தண்டில் ஏறுகிறது. உங்களுக்கும் தெரிகிறதா?"

எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவசச் சிரிப்பு என்று எண்ணி நாதானந்தர் இன்னும் உற்சாகமானார். பத்து முறை ஒரே ஹெட்போன். ஐந்து முறை செத்தது, ஐந்து முறை பிழைத்தது. எட்டாவது முறை அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்து துப்பட்டா நனைந்தது.

கண்கட்டை அவிழ்த்தாள். அவர் முதலில் பார்த்தது சபீனாவின் மடியிலிருந்த சிவப்பு நூலை.

"எங்க கிளினிக்ல நாங்க சத்தமே குடுக்காதப்பவும் சில பேர் பொத்தானை அழுத்துவாங்க சாமி" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா அவங்க யாரும் அழுததில்ல."

"துர்ச்சக்தி! சந்தேகப் பேர்வழிகள் நடுவில் நாதம் குழம்பும்!"

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே சபீனா எழுந்தாள். யாரும் அவளைத் தூண்டவில்லை. நேராக ஆம்ப்ளிஃபயரிடம் போனாள். பூவை ஒதுக்கினாள், பட்டுத்துணியை இழுத்தாள். சத்தம் கூட்டும் திருகின் ஓரத்தில் நெயில் பாலிஷில் இரண்டு புள்ளிகள். ஒன்று வெள்ளை. கொஞ்சம் தள்ளி ஒன்று சிவப்பு.

"சத்தமா இருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள். நாதானந்தரிடம் திரும்பினாள். "சொன்னேன்ல சார்?"

ஜட ஹெட்போனை முரளி தலையில் மாட்டினாள். திருகை வெள்ளையிலிருந்து சிவப்புக்குத் திருப்பினாள்.

"அட, முழிச்சிடுச்சு!" என்றார் முரளி. பிறகு அவரே முழித்தார்.

"டேய் கிட்டு, தொடைச்சு வைடான்னு எத்தனை தடவ சொன்னேன்!" நாதானந்தர் வாயிலிருந்து உப்பல் பஸ் ஸ்டாப் வெளியே வந்தது. அந்தக் கும்பிடு எல்லாம் எதற்கென்று அப்போதுதான் எங்கள் மரமண்டைகளுக்கு உறைத்தது. சத்தம் ஒரு பிடி கூடினால் எந்தப் பாட்டும் இனிமையாகத்தான் தோன்றும். அந்த ஒரு பிடிக்குத்தான் நாங்கள் ஆறாயிரம் கூடுதலாகக் கொடுத்திருந்தோம். நாற்பது பேர் இருந்த அந்த அறையில் காது ஒழுங்காக வேலை செய்தது ஒருத்திக்கு மட்டும்தான். அவளுக்குத்தான் நாங்கள் தோஷம் சொன்னோம்.

அன்று மாலையே சபீனா ஒரு சாதாரண கடைக்குப் போனாள். தனக்கு மனப்பாடமான ஒரே பாட்டை, ஒரே அளவு சத்தத்தில், ஐந்து ஹெட்போனில் கேட்டாள். ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் மாட்டி, காது வலிக்காததாக, அறுந்தால் வயரை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடியதாகப் பார்த்து இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்கு வாங்கினாள். செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவில் ஒரே வசனத்தை இரண்டு முறை போட்டு என்ன வித்தியாசம் என்று கேட்டார்களாம். "ரெண்டாவது கொஞ்சம் சத்தமா இருக்கு. அவ்ளோதான்" என்றிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் ஆழம், உணர்ச்சி என்று அளந்துகொண்டிருந்தார்களாம். வேலை அவளுக்கு.

நாதானந்தர் இப்போது மியாபூர் பக்கம் தண்ணீர் பாட்டிலை விழிக்க வைக்கிறாராம். வரிசை தெருமுனை வரை போகிறதாம். முரளி சார் போன வாரம் இரண்டு லிட்டர் வாங்கி வந்தார். ருசி தனியாக இருக்கிறது என்கிறார்.

வாங்குங்கள் ஐயா, உங்கள் காசு. ஹெட்போன் இரண்டு காதிலும் மாட்டிக்கொள்ளத்தான். இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, அதை நாமாகத்தான் விழிக்க வைக்க வேண்டும். அதற்குத் தத்கால் கிடையாது.