ஆர்லனின் புது டயர்கள்

நெப்ராஸ்காவில் தன்னைப் போல டயர் விஷயம் தெரிந்தவர் யாருமில்லை என்று ஆர்லன் சொல்வதுண்டு. வேறு யாரும் சொன்னதில்லை.

பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லர் வீடு ஒன்று அவரிடம் இருந்தது. ஜூனில் மொண்டானாவில் பேத்தி கல்யாணம். எண்ணூறு மைல் அதில்தான் பயணம். மனைவி டொரீன் மார்ச் மாதமே ஆரம்பித்துவிட்டாள்.

"டயர் நாலையும் மாத்தணும் ஆர்லன்."

"எதுக்கு? தரையில படுற பட்டன் ஒண்ணுகூடத் தேயலையே."

"வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு. டிரெய்லர் டயர் ஓடித் தேயாது. நின்னு நின்னே வீணாப் போகும்."

"நானும்தான் ரிட்டயராகி நிக்கிறேன். வீணாவா போயிட்டேன்?"

"உன் மேல ரெண்டரை டன் ஏத்தலையே."

ஆர்லன் வேறு பக்கம் திரும்பினார். "ஷெட்ல கார் டயர் நாலு கிடக்கு. அதைப் போட்டா ஆச்சு."

"கார் டயருக்கு ஓரம் மெலிசு. பாரம் தாங்காது, வளைவுல ஆடும். டிரெய்லருக்குன்னே செஞ்சது, நம்ம பாரத்தைத் தாங்குறது, இந்த வருஷத்து உருப்படி. அதான் வேணும்."

"சரி சரி. நானே பாத்து வாங்கிப் போடறேன்."

போடவில்லை. பெண்டாட்டி சொல்லி டயர் மாற்றினால், டயர் தெரிந்த மனிதனுக்கு என்ன மரியாதை?

ஜூன் முதல் வியாழக்கிழமை டொரீன் சர்ச்சுக்குப் போயிருந்த சமயம், வெயில் படாமல் டயர்களுக்குப் போட்டிருந்த துணி உறைகளைக் கழற்றினார். அசந்துபோனார். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. 'இதையா மாத்தச் சொன்னா!' என்று சிரித்துக்கொண்டார். இருந்தாலும் கறுப்புப் பாலிஷ் ஒரு பாட்டில் முழுவதையும் முட்டி தேயத் தேய்த்தார். டயர்கள் கண்ணாடியாக மின்னின.

இரவுச் சாப்பாட்டில், "போட்டாச்சு. நாலும் புதுசு" என்றார்.

டொரீன் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பிரமாதம். நல்லாத்தான் பாத்து வாங்கியிருக்கே" என்று தான் சுட்டிருந்த ஆப்பிள் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். ஆர்லன் அதை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். மொண்டானா மலைப்பாதையும், வெடிக்கும் டயரும், பக்கத்தில் டொரீன் உட்கார்ந்திருப்பதும் கண்ணுக்குள் வந்து நின்றன.

கிளம்பும் நாள் காலையில் டொரீன் சொன்னாள்: "டயர் ஓரத்துல நாலு எண் இருக்குமே, அதைப் படி. முதல் ரெண்டு எந்த வாரம் செஞ்சது, கடைசி ரெண்டு எந்த வருஷம்."

ஆர்லன் டயர் பக்கம் போனார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே மண்டியிட்டார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இந்த வருஷம்.

"எப்படி?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"போன மாசம் நீ மீன் பிடிக்கப் போன அன்னிக்கு, டயர் கடைக்காரரை வரவழைச்சு மாத்திட்டேன்."

ஆர்லன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "டொரீன், நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"எங்கே சொன்னே? நாலும் புதுசுன்னே. புதுசுதான்" என்று டொரீன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷத்துல நீ டயரைப் பத்திச் சொன்ன ஒரே உண்மை. அதுவும் உனக்குத் தெரியாமச் சொன்னது."