முகமில்லாத பாடகி

திரையில் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே நிறுத்திவிட்டு, எடிட்டர் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார்.

பாதி மண்டை மழித்திருந்தது. மீதி முடி பச்சை. காதில் ஊக்கு. அதெல்லாம் பரவாயில்லை. நாற்பது வருடத்துக்கு முன் கட்டடங்களின் நிலவறைகளில் கூடி, பங்க் என்ற முரட்டு ராக் பாட்டுப் பாடிய இளவட்டங்களைப் பற்றிய ஆவணப்படம் அது. அதில் ஊக்கு குத்தாத ஆள்தான் அதிசயம்.

ஆனால் பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் கூட்டத்தில் யாரையோ பார்த்து ஆட்காட்டி விரலை நீட்டி, இரண்டு முறை மடக்கினாள். அந்த விரலை எடிட்டர் ஒன்பது வருடமாக அறிவார். செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டால் அந்த விரல்தான் கூப்பிடும்.

அது அவருடைய மாமியார்.

எடிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியார் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். குடியிருப்போர் சங்கத் தலைவி. மேல்வீட்டு இளைஞன் சத்தமாகப் பாட்டு வைத்தபோது படியேறிப் போய், "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்டு, ஒரே வாரத்தில் அவனைப் பெட்டி கட்ட வைத்தவர். மருமகனின் தொழிலைப் பற்றி ஒன்பது வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே எடிட்டர் இந்தப் படத்தை ஒத்துக்கொண்டார். கல்யாண வீடியோவும் வாஷிங் மெஷின் விளக்கப் படமும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த தன்னை ஒரு பெரிய டைரக்டர் எப்படித் தேடி வந்தார் என்பது அவருக்கே புரியவில்லை.

"மேடம், இந்த டேப் யார் குடுத்தது?" என்று டைரக்டரிடம் கேட்டார்.

"தபால்ல வந்துச்சு. பேர் போடல. ஒரே ஒரு நிபந்தனை எழுதியிருந்தாங்க, அதையும் நான் நிறைவேத்தியாச்சு. நீங்க வேலையைப் பாருங்க."

அன்று சாப்பாட்டு மேஜையில் மாமியார் தானாக வாயைத் திறந்தார்.

"படத்துல யாரெல்லாம் வர்றாங்க, மாப்பிள்ளை?"

எடிட்டருக்குப் புரை ஏறியது. "நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல, அத்தை."

"ஓ" என்றார் மாமியார். தெரிந்துகொண்டுதான் மிரட்டுகிறார் என்று எடிட்டர் முடிவு கட்டினார். பக்கத்தில் மாமனார் வழக்கம்போலத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த முகத்தை மங்கலாக்கினார்.

"இது ஏன் இப்படி?" என்றார் டைரக்டர்.

"இந்தம்மாகிட்ட சம்மதக் கையெழுத்து வாங்கல, மேடம். பின்னாடி வழக்கு வரும்."

டைரக்டர் திரையை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. "முகமில்லாத பாடகி. பிரமாதம் சார். இனிமே படமே இவங்களைப் பத்தித்தான்."

ஒன்றரை நிமிடம் வரவேண்டிய மாமியார் நாற்பது நிமிடம் வரும்படி ஆயிற்று.

முகம் போனாலும் குரல் இருந்தது. ஏழாம் வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன பிள்ளைகளை நடுங்க வைத்த அதே குரல். எடிட்டர் அதன் சுருதியைக் கீழே இறக்கினார். இன்னும் இறக்கினார். கடைசியில் கிணற்றுக்குள் விழுந்த எருமை போல ஒரு சத்தம் வந்தது.

"பழைய டேப், மேடம். அப்படித்தான் பதிவாகியிருக்கு" என்று கூசாமல் சொன்னார்.

"நான் சத்தமில்லாமதான் ஓட்டிப் பார்த்திருந்தேன். பொண்ணுக்கு இப்படி ஒரு குரலா?" டைரக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மறுவாரமே அந்தக் குரலைப் பற்றிப் பத்திரிகைகளுக்குச் செய்தி போயிற்று.

விரல் மிச்சமிருந்தது. அதை மறைக்க, எடிட்டர் அதன்மேல் படத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார். எழுத்துக்கு வெளியே விரல் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டைரக்டர் அதையே போஸ்டராக அடித்தார். 'இந்த விரல் யாருடையது?' என்ற கேள்வியோடு அது எடிட்டரின் தெருவிலேயே பதினோரு இடத்தில் ஒட்டப்பட்டது. மாமியார் ஒவ்வொரு போஸ்டரின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டு நடந்ததை எடிட்டர் ஜன்னல் வழியே பார்த்தார்.

"ஏங்க, அம்மா பார்லருக்குப் போயிருக்காங்க" என்றாள் மனைவி. "வாழ்க்கையில முதல் தடவை. ஞாயித்துக்கிழமை உங்க படத்துக்கு, தன்கூட வாக்கிங் போற பொம்பளைங்க பதினாலு பேரையும் கூட்டிட்டு வராங்களாம்."

எடிட்டர் மாமியாரிடம் ஓடினார். "அத்தை, படம் ஒரே கூச்சல். காதுக்கு ஆகாது."

"என் காதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, மாப்பிள்ளை."

ஞாயிறு காலைக் காட்சி. முதல் வரிசை நடுவில் மாமியார், புது உடையில், புது முடியலங்காரத்தில். இரண்டு பக்கமும் ஏழேழு பெண்கள். கடைசி வரிசையில் எடிட்டர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு வந்தது. திரை நிறைய மங்கலாக ஒரு வட்டம். அதற்குள்ளிருந்து எருமை கத்தியது. பதினாலு பெண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாமியார் மட்டும் அசையவில்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எடிட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, இந்த அம்மாவுக்காக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று மனசு நிறைந்தது.

விளக்கு போட்டதும் மாமியார் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். மருமகனைத் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல், வாசலை நோக்கிப் போனார்.

"நன்றி சொல்லக்கூட வாய் வரல போல, பாவம்" என்று எடிட்டர் நினைத்துக்கொண்டார்.

பின்னாலேயே மாமனார் வந்தார், மனைவியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு. எடிட்டரின் அருகில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அந்த டேப்பை மடியில வச்சுக்கிட்டு ஒரு மாசம் யோசிச்சா, மாப்பிள்ளை. கடைசியில, நீங்கதான் எடிட் பண்ணணும்னு ஒரே ஒரு நிபந்தனை எழுதி அவளே தபால்ல போட்டா, 'என் முகத்தை வேற யாரு நல்லா காட்டப் போறாங்க'ன்னு."