பூசணிப் பிஞ்சு உதிர்ந்தது பற்றி

மாதுங்கா, பம்பாய்
தாரண வருஷம், தை மாதம்

வடாலா சம்பந்தி சந்திரமௌலி அவர்களுக்கு அனந்தநாராயணன் அநேக நமஸ்காரம்.

இவ்விடம் க்ஷேமம் என்று எழுதினால் பொய்யாகும். தங்கள் பெண் அம்மிணி மீது, மூன்றாம் மாடிக் குடித்தனக்காரர்கள் எல்லோரும் கேட்க, நான் அபாண்டமாகப் பழி சுமத்தினேன். அவள் பிறந்தகம் வந்ததற்குக் காரணம், அவள் தங்களிடம் சொல்லியிருக்கக்கூடிய தலைவலி அல்ல, நான்.

ரேஷன் காலத்தில் காய்கறி ஆனை விலை விற்கிறதே என்று மொட்டைமாடியில் பீப்பாயில் மண் கொட்டிப் பூசணிக்கொடி போட்டேன். தோட்ட வித்தை நானே படித்துக்கொண்டது. புஸ்தகத்தில் பூவைப் பற்றிய அத்தியாயத்தை, அலங்கார சமாசாரம் என்று தள்ளிவிட்டேன். மார்கழி பிறந்ததும் கொடியில் இரண்டு ஜாதிப் பூ பூத்தது. ஒன்றின் அடியில் குண்டுமணி போலப் பிஞ்சு. மற்றதில் வெறும் காம்பு. பிஞ்சில்லாதது தண்டச்சோறு என்று தீர்மானித்து, விடியுமுன் ஒன்று விடாமல் பறித்து, எங்கள் வாசல் கோலத்தில் சாணி உருண்டையில் வைத்தது போகக் கட்டடம் முழுதும் வாசலுக்கு வாசல் தானம் செய்தேன். பம்பாயில் பூசணிப் பூவா என்று எல்லோரும் மெச்ச, என் தலை கனத்தது. பிஞ்சுகளோ மஞ்சளித்து உதிர்ந்தன.

எங்களுக்கு இரண்டே அறை. தூரமாகி ஒதுங்கியிருக்கும் நாட்களில் அம்மிணி மொட்டைமாடியில், கொடிக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்காருவது வழக்கம். போதாதா எனக்கு? "நீ பக்கத்திலே உக்காந்துதான் கொடி கருகறது!" என்று மாடிப்படியில் நின்று கத்தினேன்.

"இல்லேப்பா, நீங்க பறிக்கறதெல்லாம் ஆண் பூ. அந்தத் தூள் பிஞ்சுப் பூவிலே பட்டாத்தானே காய் பிடிக்கும்? பள்ளிக்கூடத்திலே படம் போட்டுக் காட்டினா" என்றாள்.

ஆணாம், பெண்ணாம்! மாமனாரிடம் பேசுகிற பேச்சா? "பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறியோ? உங்காத்திலே இதைத்தான் சொல்லிக் கொடுத்தாளா?" என்று தங்களையும் சேர்த்து இழுத்தேன்.

எதிர்வீட்டு வானமாமலை, "ஏன் ஓய், ஒரு பூசணிக்காய்க்காகப் பொண்ணைக் கரிக்கறீர்?" என்றார். அவருக்கும் கிடைத்தது. அன்றே அம்மிணி கிளம்பிவிட்டாள்.

அவள் சொன்னது தப்பென்று நிரூபிக்கவே மறுநாள் ஆண் பூ ஒன்றின் இதழைக் கிழித்தெறிந்து, நடுவிலிருந்த மஞ்சள் பொடித் தண்டைப் பிஞ்சுப் பூவின் நடுவே பிசுபிசுத்த மடல்களில், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, விபூதி இடுவது போலத் தடவினேன். தடவாத பிஞ்செல்லாம் அவள் வடாலாவில் இருக்கும்போதே உதிர்ந்தது. தடவியது உதிரவில்லை. உதிரவேண்டுமென்று சுவாமியை வேண்டிக்கொண்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இப்போது தேங்காய் அளவு. அதன் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே தாங்கள் நல்ல நாள் பார்த்து அம்மிணியை அனுப்பவேண்டியது. என்னோடு பேசாமலிருக்கும் என் பிள்ளை பஞ்சு ஆபீஸ் விட்டதும் வந்து அவளை அழைத்து வரவேண்டியது. வானமாமலை வாயைத் திறக்காமலிருக்கவேண்டியது. அம்மிணி நடந்ததை மறக்கவேண்டியது. தங்கள் குடும்பத்தார் அனைவரும் ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க ஆசீர்வாதம்.

பி.கு.: என் சம்சாரம் பாகீரதி இதைப் படித்துவிட்டு, "ஏன்னா, தப்புப் பண்ணினது நீங்க, வேலையெல்லாம் மத்தவாளுக்கா?" என்கிறாள். மேற்கண்ட உத்தரவுகள் செல்லாது. பஞ்சு வரவேண்டாம், நாளைக் காலை நானே வருகிறேன். தாங்கள் கதவைத் திறக்கவேண்டும். அம்மிணி எதையும் மறக்கவேண்டாம். அவள் வர இஷ்டப்பட்டால், எந்த நாளானாலும் கொடிக்கு அவளே தண்ணீர் விடவேண்டும். வானமாமலை உட்பட மூன்றாம் மாடியில் அத்தனை பேரும் வெளியே வந்து நிற்கவேண்டும். நான் சொன்னதை நானே திரும்பப் பெறவேண்டும்; அன்று கத்திய அதே குரலில்.