பத்து கியருக்குப் பொட்டு

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சைக்கிளைத் துடைத்து, பொட்டு வைத்து, பூஜைக்கு நிறுத்த வேண்டும்.

சரஸ்வதி பூஜை. டெல்லியில் பிறந்து வளர்ந்த என் மகள் சுதாவுக்குத் தமிழ் வாசிப்பு தட்டுத் தடுமாறும். ஆனால் சரஸ்வதி பூஜை என்றால் உயிர். புத்தகத்தைத் தொடாதே என்று வீட்டிலேயே சட்டம் போடுகிற ஒரே நாள் அல்லவா!

சைக்கிள் அவளுடையது. சாதாரண சைக்கிள் இல்லை. பத்து கியர்!

அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

திருச்சியில் என் அப்பா ஓட்டிய சைக்கிளில் செயினை யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது. எங்கள் கான்வென்ட் மதர்கள் மாதிரி, முழுக்க மூடி, கண்ணியமாக இருக்கும். கல்யாணமாகி கரோல் பாகில் குடித்தனம் வைத்தபோது இவர் ஆபீசுக்கு ஓட்டிய சைக்கிளில் மேல்பக்கம் மட்டும் ஒரு தகரப் பட்டை. பேருக்கு ஒரு தலைப்பு. இவருடைய பேன்ட் காலை அது அவ்வப்போது மென்று துப்பும்.

இப்போது வந்திருக்கும் இந்த சைக்கிளுக்கு அந்தப் பட்டையும் கிடையாது. முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து, எல்லாம் வெட்டவெளியில். போதாததற்குப் பின்சக்கரத்தில் கொக்கி மாதிரி ஒன்று தொங்குகிறது. அதற்குள் இன்னும் இரண்டு குட்டிச் சக்கரங்கள். லீவரைத் தள்ளினால் அந்தக் கொக்கி நகர்ந்து, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்கு ஏற்றிவிடுமாம். மேடு வந்தால் பெரிய சக்கரம், இறக்கம் வந்தால் சின்ன சக்கரம்.

இதற்குப் பெயர் முன்னேற்றம்.

இந்த முன்னேற்றத்தை நாங்கள் வாங்கியதற்குக் காரணம், கீழ் வீட்டு மிஸஸ் பாட்டியா.

மறுநாள் தசரா. எங்கள் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் பெண்களுக்கு சைக்கிள் ரேஸ். மார்க்கெட்டிலிருந்து மேட்டில் ஏறி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, இறங்கி, மைதானத்தில் கொளுத்துவதற்காக நிறுத்தியிருக்கும் ராவணன் பொம்மையின் காலடியில் முடிய வேண்டும். பாட்டியா மகள் பிங்கிதான் ஜெயிப்பாள் என்பது பாட்டியாவின் தீர்மானம். அவளிடம் கியர் சைக்கிள் இருந்தது. சுதாவும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பால் பூத் க்யூவில் எல்லார் முன்னாலும் மிஸஸ் பாட்டியா சொன்னாள்:

"ஆப் கீ பேட்டி தோ படாயி மே ஃபர்ஸ்ட் ஹை. ரேஸ்‑வேஸ் ரெஹ்னே தீஜியே!"

அதாவது, மதராசிப் பெண்ணுக்குப் புத்தகம் போதும், ரேஸெல்லாம் எதற்கு என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். கான்வென்ட்டில் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டிலும் பத்து கியர். சுதா தினமும் விடிகாலையில் அந்த மேட்டில் ஏறி இறங்கினாள். எந்த இடத்தில் எந்த கியர் என்று திருக்குறள் மாதிரி மனப்பாடம். திருக்குறளையும் அப்படிப் படித்திருந்தால் தேவலை.

சரி, பூஜைக்கு வருகிறேன்.

புத்தகங்களை அடுக்கிப் பட்டுத் துணி போர்த்தினேன். பக்கத்தில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், இவருடைய ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், எண்ணெய் டப்பா. ஆயுதம் என்று வீட்டில் இருந்தது அவ்வளவுதான். என் நாக்கை வைக்க வழியில்லை.

பிறகு சைக்கிள். கெரசின் துணியால் துடைத்தேன். சந்தனம் குழைத்தேன். முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து, கொக்கிக்குள் இரண்டு. ஆக மொத்தம் ஒன்பது சக்கரம். நவக்கிரகம்! ஒன்றை விட்டாலும் கோபித்துக்கொள்ளும். ஒன்பதுக்கும் தாராளமாகச் சந்தனம், குங்குமம்.

லீவர் இரண்டும் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தன. ஆளுக்கு ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பொட்டு வைத்தேன்.

கடைசியாக மாலை. தடிமனான கேந்தாப் பூ மாலை, நம் ஊர்த் துலுக்கச் சாமந்திதான். ஹேண்டில் பாரில் ஒரு நுனியைக் கட்டினேன். மறு நுனியைக் கட்டக் கேரியரைத் தேடினால், கேரியர் இல்லை! முன்னேற்றத்தில் அதுவும் போயிருக்கிறது. கண்ணில் பட்டது அந்தக் கொக்கி. மாலை மாட்டுவதற்காகவே செய்தது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டினேன்.

"அம்மா, டிரெய்லர் டிரக் மாதிரி இருக்கு," என்றாள் சுதா.

"வாயை மூடு. சாமி காரியம்."

பூஜை நல்லபடியாக முடிந்தது. சைக்கிளை வாசலில் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம்.

"மெதுவா உருட்டும்மா," என்றார் இவர். "பழம் நசுங்கணும், அவ்வளவுதான்."

முன்னால் உருட்டினேன். பழம் நசுங்கியது. சக்கரம் 'டிக் டிக்' என்றது. செயின் அசையக்கூட இல்லை. சுதா கை தட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஜாதியா நான்? அடுப்பில் சுண்டல் இருந்தது. சைக்கிளை வீட்டுக்குள் எடுக்க அவசரமாகப் பின்னால் இழுத்தேன்.

முன்னால் உருட்டினால் அசையாத செயின், பின்னால் இழுத்தால் சுற்றும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பெடல் தானாகச் சுழன்று என் முழங்காலில் ஓர் அடி! என்னவோ ஏதோ என்று நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

'கடக்!'

நான் தள்ளிவைத்த லீவர் சொன்ன திசையில் செயின் தாவ, அது தாவிய இடத்தில் மாலையும் நுழைய, நூல், நார், பூ எல்லாம் ஐந்து பல்சக்கரத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிட்டன. கொக்கி வளைந்து சக்கரக் கம்பிகளை எட்டிப் பார்த்தது.

சைக்கிள் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நடுவே கேந்தாப் பூ துவையல்.

சுதா அலறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு ரேஸ்மா," என்று மட்டும் சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அழாதே! இதோ சரி பண்ணிடறேன். என்னங்க, அந்த ஸ்பேனரை எடுங்க."

இவர் அசையவில்லை.

"ஸ்பேனர் பூஜையில இருக்கு."

"தெரியும். வைச்சதே நான்தான். எடுங்க."

"பூஜையில வைச்சதை நாளைக்குப் புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

"சரி, சைக்கிளோட வந்த அந்தப் புஸ்தகமாவது?"

"அதுவும் பட்டுத் துணிக்குள்ளதான் இருக்கு. இன்னிக்குப் படிக்கக் கூடாது."

"ஏங்க, இந்தச் சைக்கிளும்தானே பூஜையில இருக்கு?"

"ஆமா."

"அது பூஜையில இல்லீங்க, ஆஸ்பத்திரியில இருக்கு!"

மத்திய சர்க்கார் அதிகாரி. விதி என்றால் விதி. பட்டுத் துணிக்கு முன்னால் காவல் மாதிரி உட்கார்ந்து பொரி சாப்பிட ஆரம்பித்தார்.

வெறும் கையால் பூவைப் பிய்த்துப் பார்த்தேன். கொண்டை ஊசியால் நோண்டிப் பார்த்தேன். ஊசி உள்ளே போனது. வெளியே வரவில்லை.

"கிளம்பு, முனிர்காவுக்கு," என்றேன் சுதாவிடம். அடுத்த தெருவைத் தாண்டினால் முனிர்கா. அங்கே வேப்ப மரத்தடியில் ஒரு சைக்கிள் ரிப்பேர்காரன். அவனுக்கு சரஸ்வதி பூஜை கிடையாது. இன்றைக்கு ஸ்பேனரைத் தொடுவான்.

பின்சக்கரத்தை நான் தூக்க, முன்சக்கரத்தை அவள் உருட்ட, பட்டுப் புடவையும் தலையில் பூவுமாக முனிர்கா வரை ஊர்வலம் போனோம். வழியில் ஒருவர் நின்று கும்பிட்டார். ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்தாரோ என்னவோ.

ரிப்பேர்காரன் சைக்கிளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி சைக்கிளைப் பார்த்தான்.

"பெஹன்ஜி, இஸ்மே சப்ஜி கிஸ்னே டாலி?"

இதில் யார் காய்கறி போட்டது என்கிறான்!

"சப்ஜி நஹீ. பூஜா," என்றேன், கௌரவம் குறையாமல்.

"அச்சா, பூஜா!" டெல்லியில் இந்த ஒரு வார்த்தைக்கு எதையும் மன்னித்துவிடுவார்கள். "பத்து கியர் சைக்கிள் பார்த்திருக்கியா? பண்ணத் தெரியுமா?" என்று ஹிந்தியில் கேட்டேன். நெஞ்சில் தட்டிக்கொண்டான். ஏரோப்ளேனே கொண்டுவந்தாலும் பிரித்து மாட்டுவானாம்.

அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடுப்பில் விட்டுவந்த சுண்டல் என் மூக்கிலேயே கருகிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும், பையா. எப்படிப் பண்ணுவியோ எனக்குத் தெரியாது. சக்கரம் சுத்தணும். ஜல்தி கரோ!"

"அம்மா, கியர் சரியா இருக்கணும்னு சொல்லு," என்றாள் சுதா.

"எல்லாம் அவனுக்குத் தெரியும். நீ வா." அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சுண்டல் கருகியிருந்தது. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுப்பை அணைக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ.

சாயங்காலம் போனோம். சைக்கிள் மரத்தில் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிக் காட்டினான். ஆஹா! வெண்ணெய் மாதிரி சுழன்றது!

"பார்த்தியா?" என்றேன் சுதாவிடம்.

"பார்த்தேன். அந்தக் கொக்கி எங்கேம்மா?"

ரிப்பேர்காரன் சிரித்துக்கொண்டே பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தான். ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றிலிருந்து எடுத்த கல்லைக் காட்டும் டாக்டர் முகம்.

பிரித்தேன். உள்ளே கொக்கி, இரண்டு குட்டிச் சக்கரம், இரண்டு லீவர், கம்பிகள், மிஞ்சிய செயின் துண்டு, என் கொண்டை ஊசி. குட்டிச் சக்கரங்களில் நான் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது.

"யே சப் பேக்கார்!" என்றான். எல்லாம் வேண்டாத சாமானாம். செயினை வெட்டிச் சின்னதாக்கி, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் என்று நேராக மாட்டிவிட்டானாம். பின்னால் இருந்த ஐந்தில் எது பெரிசோ அதையே தேர்ந்தெடுத்திருக்கிறான். பெரிசுதான் மஸ்பூத், அதாவது உறுதியாம். "அப் கபீ கராப் நஹீ ஹோகா!"

உண்மைதான். இனிமேல் கெட்டுப்போவதற்கு அதில் என்ன இருக்கிறது? என் அப்பா காலத்திலிருந்து சைக்கிள் அரும்பாடுபட்டு நடந்து வந்த தூரத்தையெல்லாம் அரை நாளில் திருப்பி அனுப்பிவிட்டான். செயினை மூடும் தகரம் ஒன்றுதான் பாக்கி.

திட்ட வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான். "ஆப் நே ஹீ போலா, பெஹன்ஜி. சக்கா கூமே, ஜல்தி."

சக்கரம் சுற்றணும், சீக்கிரம். நான் சொன்னதுதான். வார்த்தை பிசகவில்லை.

வீட்டில் இவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து கியர்ல ஒண்ணாவது மிஞ்சியிருக்கே," என்றார். பட்ஜெட்டில் வெட்டு விழும்போதெல்லாம் ஆபீசில் இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது.

சுதா என்னோடு பேசவில்லை. சுண்டலும் தொடவில்லை. கருகியிருந்தது என்பதும் ஒரு காரணம்.

மறுநாள் காலையில் புனர்பூஜை முடிந்ததும் இவர் முதல் வேலையாக அந்த சைக்கிள் புத்தகத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, முன்னுரையிலிருந்து படிக்கத் தொடங்கினார். ஸ்பேனரும் இப்போது தாராளமாகக் கிடைத்தது. ரேஸோ ஆரம்பிக்கப்போகிறது.

"நான் வரலைன்னு சொல்லிடட்டுமா?" என்றாள் சுதா. நேற்றிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மார்க்கெட் பக்கம் பார்த்தேன். பிங்கி வெள்ளை ஷூவும் ரிப்பனுமாக நின்றாள். பக்கத்தில் மிஸஸ் பாட்டியா, ஏற்கெனவே ஜெயித்த முகத்தோடு.

"போ," என்றேன். "கடைசியா வந்தா என்னைத் திட்டு. வராமலே இருந்தா அவ சிரிப்பா."

விசில் ஊதினார்கள்.

மேடு ஆரம்பித்தது. எல்லாப் பெண்களும் எழுந்து நின்று மூச்சு வாங்க மிதிக்க, சுதா மட்டும் உட்கார்ந்தபடியே ஏறினாள். வெள்ளாடு மலையேறுகிற மாதிரி! அந்தப் பெரிய பல்சக்கரம் மேட்டுக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. பிங்கி பாதி மேட்டில் லீவரைத் தள்ளினாள். கட கடவென்று சத்தம். செயின் கழன்று தொங்கியது. அவள் இறங்கிக் கையெல்லாம் கறுப்பாக அதை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சுதா தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிவிட்டாள்!

நான் கத்திய கத்தலைக் கான்வென்ட் மதர்கள் கேட்டிருந்தால் சர்ட்டிபிகேட்டைத் திருப்பி வாங்கியிருப்பார்கள்.

பிறகு இறக்கம் வந்தது.

மேட்டுக்குப் பிறந்த சக்கரம் இறக்கத்தில் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சுதாவின் கால்கள் தையல் மெஷின் மாதிரி அடித்தன. எவ்வளவு மிதித்தாலும் செயினுக்குப் பிடி கிடைக்கவில்லை. சைக்கிள் அதன் பாட்டுக்கு உருண்டது. பின்னாலிருந்து பிங்கி சின்ன சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு, ரிப்பன் பறக்க, விர்ரென்று வந்தாள். இன்னும் தலை பொருத்தாத ராவணன் காலடிக்குக் கொஞ்சம் முன்னால் தாண்டினாள்.

பிங்கி முதல். சுதா இரண்டாவது.

நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். சுதா சைக்கிளிலிருந்து இறங்க முடியாமல் கால் நடுங்க நின்றாள். ஆனால் முகத்தில் சிரிப்பு. "மேட்டுல பார்த்தியாம்மா? ஒருத்தியும் கிட்ட வர முடியலை!" கோபம் போயிருந்தது. என் உயிரும் திரும்பி வந்தது.

அப்போது மிஸஸ் பாட்டியா வந்தாள். மகள் ஜெயித்தும் முகத்தில் நிம்மதி இல்லை. குனிந்து சுதாவின் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தாள். கொக்கி இல்லை, லீவர் இல்லை, கம்பி இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சச் பதாயியே. சடாயி மே இத்னா தேஸ்!" நிஜத்தைச் சொல்லுங்கள், மேட்டில் இவ்வளவு வேகமா என்கிறாள். "இது புது மாடலா? ஃபாரினா?"

சுதா வாயைத் திறந்தாள். அவள் காலை மெதுவாக மிதித்தேன்.

"இம்ப்ரூவ் பண்ணினோம்," என்றேன் என் கான்வென்ட் இங்கிலீஷில்.

"எங்கே பண்ணினீங்க?"

"முனிர்கா. வேப்ப மரத்தடி. சைக்கிளை விட்டுட்டு, 'சக்கரம் சுத்தணும், ஜல்தி கரோ'ன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை அவன் பார்த்துக்குவான்."