ஹெக்ஸ் ஆட்டோவும் எக்ஸ் அண்ணனும்

திருமங்கலத்தில் ஓடுகிற எந்த ஆட்டோவை வேண்டுமானாலும் நிறுத்திப் பாருங்கள், முன் கண்ணாடியில் எக்ஸ் எழுத்து இருக்கும். ஊருக்கே பெருக்கல் குறி போட்டு வைத்தவர் எக்ஸ் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. அடுத்த கடை அவருடைய ஸ்டிக்கர் கடை. என் போர்டில் இரண்டு எக்ஸ் வருகிறது என்பதற்காகவே கடை திறந்த அன்று என்னைத் தங்கச்சியாக ஏற்றுக்கொண்டார். அந்த எழுத்தின் மேல் என்ன அவ்வளவு பிரியம் என்று கேட்டேன்.

“ரெண்டே வெட்டு. தலைகீழா ஒட்டுனாலும் எக்ஸு எக்ஸுதேன். இம்புட்டு நாணயமான எழுத்து வேற எது தங்கச்சி?”

யார் வந்தாலும் எக்ஸில் முடிகிற வார்த்தைதான்; மூன்று இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் போகவிட மாட்டார். செல்போன் ரிப்பேர் கடைக்கு ‘ஃபிக்ஸ்’, சரிபண்ணுவது. பியூட்டி பார்லருக்கு ‘வாக்ஸ்’, மெழுகு. குலதெய்வத்தின் பெயரை டிராக்டரில் எழுத வந்த விவசாயிக்கு ‘ஆக்ஸ்’. அப்படியென்றால் காளை மாடு என்று விளக்கியதும், மாட்டை விற்றுத்தான் அந்த டிராக்டரையே வாங்கியிருந்த மனிதர் கண் கலங்கிப் போனார்.

செல்வம் புது ஆட்டோவோடு வந்ததில்தான் சிக்கல். எந்த வண்டியிலும் இல்லாத வார்த்தை வேண்டும் என்றான். அண்ணன் போனில் தேடினார். ‘ஹெக்ஸ்’ என்று ஒன்று கிடைத்தது. அர்த்தத்தில் முதல் சொல் ‘மந்திரம்’. அதற்கு மேல் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. வண்டி மந்திரமாகப் பறக்கும் என்று சொல்லி, மஞ்சள் எழுத்தில் ஒட்டி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பசுமலைக் கல்லூரியிலிருந்து திரும்பிய டீச்சரம்மா ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, செல்வத்தின் வண்டிக் கண்ணாடியில் இருந்ததைப் படித்துச் சிரித்தார். “தம்பி, அப்படின்னா சூனியம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. செல்வத்தின் வண்டிக்குப் பின்னால் நிறுத்தக்கூட யாரும் தயாராக இல்லை. அவன் அம்மா எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டதும் ‘பார்த்தியா, நெசந்தேன்’ என்று உறுதியாகிப்போனது.

மறுநாள் காலை செல்வம் வந்து நின்றான். திட்டவில்லை. தவணை வண்டி அண்ணே என்று மட்டும் சொன்னான். எக்ஸ் அண்ணன் முகம் செத்துப்போனது. ஸ்டிக்கரை நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் ‘ரெக்ஸ்’ ஒட்டினார். ராஜா என்று அர்த்தம். இந்த முறை கடைசி வரி வரைக்கும் படித்தார். ஆனால் வார்த்தை போனாலும் பேச்சு போகவில்லை. ஒருவரும் ஏறவில்லை.

அண்ணன் கடை ஷட்டரை இழுத்துவிட்டு, அந்த ஆட்டோவில் தானே ஏறி உட்கார்ந்தார். மாட்டுத்தாவணி வரை போய் வந்தார். ஊருக்குள் ஒவ்வொரு தெருவாகச் சுற்றினார். ஸ்டாண்டு வரும்போதெல்லாம் இறங்கி, கைகாலை உதறிக் காட்டி, “முழுசா இருக்கேன்ல மாப்ள?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஏறினார். மத்தியானத்துக்குள் ஊரே வேடிக்கை பார்த்தது.

சாயங்காலம் அதே டீச்சரம்மா வந்தார். புது எழுத்தைப் படித்துவிட்டு, “இது எங்க வீட்டு நாய் பேராச்சே” என்றார். செல்வம் பதில் சொல்வதற்குள் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். அவரைப் பார்த்து, அடுத்த பஸ்ஸில் வந்தவர்களும் ஏறினார்கள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்த அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

“என்னண்ணே, இந்தச் சூனியத்தையெல்லாம் நீங்க நம்ப மாட்டீங்கதானே?”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நம்பாம என்ன தங்கச்சி? ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முருகா முருகான்னுதேன் உக்காந்திருந்தேன். எனக்குப் பயம்னா அவன் வண்டி ஓடாதுல்ல.”

மறுநாள் காலையில் என் ஸ்கூட்டரை அவர் கடை வாசலில் நிறுத்தி, எதையாவது ஒட்டிவிடச் சொன்னேன். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அர்த்தமும் கேட்கவில்லை.